படகுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர்?

போன மாதம் மகளோடு சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போயிருந்தேன். சாங்கி முனைப் படகுத்துறையில் வழக்கம்போல 12 பேர் சேரும்வரை காத்திருந்து பம்போட் என்கிற சிறு படகில் ஏறினோம். உபினில் இறங்கும்போது அவள் துறையின் தூண்களைக் காட்டி, "அப்பா, தண்ணி இவ்வளவு உயரம் வந்திருக்கே, இப்ப எங்க போச்சு?" என்றாள். தலைக்கு மேலே சிப்பியும் பாசியும் ஒட்டிய கோடு தெரிந்தது. கடல் நன்றாக வற்றியிருந்த நேரம். உடனே அடுத்த கேள்வி: "இன்னும் வத்தினா படகு தரை தட்டாதா?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்வதற்காகவே ஒரு பெரிய வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் கரையில் நிற்கிற நம் கண்ணில் அது படுவதே இல்லை.

நம் கடலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுக்கும் இடையே 3 மீட்டர் அளவுக்குக்கூட வித்தியாசம் வரும். அப்படியானால் கடல் வரைபடத்தில் "4 மீட்டர்" என்று போட்டிருந்தால் அது எந்த நேரத்து 4 மீட்டர்? கடல் மிகவும் தாழ்ந்து வற்றும்போது நீர்மட்டம் எங்கே நிற்குமோ, அதைச் சுழியமாக வைத்து அங்கிருந்து கீழ்நோக்கி அளந்த ஆழம் அது. வேண்டுமென்றே கஞ்சத்தனமாகக் கொடுத்த எண். அந்த நேரத்து ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், எவ்வளவு என்று அட்டவணையைப் பார்த்து இதோடு கூட்டிக்கொள்ள வேண்டியது படகோட்டியின் பொறுப்பு.

சரி, அந்த 4 மீட்டரை யார் அளக்கிறார்கள், எப்படி? சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தில் இதற்கென்றே, கடலடியை அளந்து வரைபடமாக்கும் நீர்வரைவியல் பிரிவு இருக்கிறது. அளவைப் படகு ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 30 மீட்டர், அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம். கேட்பதற்கு எளிது, ஆனால் ஒலியின் வேகம் வெப்பத்தையும் உப்பையும் பொறுத்து மாறும். பெருமழைக்குப் பிறகு ஜொகூர் ஆற்றிலிருந்து வரும் நல்ல தண்ணீர் கடல்நீருக்கு மேலே ஓர் அடுக்காகப் படர்ந்திருக்கும்போது, அதைக் கணக்கில் எடுக்காமல் அளந்தால் வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழையே 15 மீட்டர் ஆழத்தில் 15 சென்டிமீட்டரைத் தப்பாகக் காட்டிவிடும். அதனால் ஒரு கருவியைத் தண்ணீருக்குள் இறக்கி ஒவ்வோர் அடுக்கிலும் ஒலி என்ன வேகத்தில் போகிறது என்று முதலில் பார்ப்பார்கள். படகு அலையில் ஏறி இறங்கியதைக் கழிக்க வேண்டும், அந்த நிமிடத்து ஓத மட்டத்தையும் கழிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இனிமேல்தான் வருகிறது. தரை என்றால் எது தரை? சேற்றுப் பகுதியில் மேலே கஞ்சி மாதிரி ஒரு குழம்பு, கீழே போகப் போகக் கெட்டி. உயர் அதிர்வெண் ஒலி குழம்பின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும், தாழ்ந்த அதிர்வெண் ஒலி உள்ளே நுழைந்து கெட்டித் தரையைத் தொட்டு வரும். இரண்டையும் சேர்த்து அனுப்பினால்தான் நடுவில் எவ்வளவு குழம்பு கிடக்கிறது என்று தெரியும்.

இந்தச் சேறு எங்கிருந்து வருகிறது? ஆற்று நீரில் வரும் களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும். நல்ல தண்ணீரில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தே வரும். கடலைத் தொட்டதும் உப்பிலுள்ள அயனிகள் அந்தத் தள்ளலை மழுங்கடித்துவிடும், பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவதுபோல, துகள்கள் ஒட்டித் திரண்டு கனத்துக் கீழே இறங்கும். முகத்துவாரங்கள் எப்போதும் சேறாகவே இருக்க இது முக்கியக் காரணம். போதாததற்கு, நாம் தோண்டி ஆழப்படுத்திய வாய்க்காலில் தண்ணீர் ஓட்டம் தணியும், ஓட்டம் தணிந்த இடத்தில் இன்னும் வேகமாகப் படியும். தூர்வாரிய இடமே சேற்றைப் பிடிக்கும் குழியாகிவிடுகிறது. அதனால் ஒருமுறை வாரினால் முடிந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை, அளப்பது, வாருவது, மறுபடி அளப்பது என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மனிதர் கட்டியதும் ஓட்டத்தை மாற்றும். சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜொகூரையும் இணைக்க, கல்லைக் கொட்டிக் கடலை அடைத்துக் கட்டிய ஜொகூர்க் கடற்பாலம் 1924இல் திறக்கப்பட்டபோது படகுகள் கடந்து போவதற்கு ஜொகூர்ப் பக்கத்தில் கதவுகள் வைத்த ஒரு வாய்க்கால், அதாவது நீர்ப்பூட்டு, இருந்தது. 1942இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது அதுவும் போனது, பிறகு யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. அதனால்தான் இன்றைக்கும் நம் தீவைப் படகில் ஒரு முழுச் சுற்று சுற்ற முடியாது, ஓதமும் அந்தப் பக்கம் முட்டி நின்று திரும்புகிறது.

தூர்வாருவதில் சில இடங்களில் இரும்புக் கவ்வியை இறக்கி அள்ளுவார்கள், சில இடங்களில் உறிஞ்சி எடுப்பார்கள். கலங்கிய நீர் பவளத்தின் மேல் படிந்தால் அதற்கு வெளிச்சம் கிடைக்காமல் போகும், எனவே சுற்றிலும் துணித்திரை கட்டித் தொங்கவிடுகிறார்கள். அள்ளிய மண்ணும் வீணாவதில்லை, துவாஸ் துறைமுகத்துக்காகக் கடலை நிரப்பியதில் அதில் ஒரு பெரும்பங்கு போய்ச் சேர்ந்திருக்கிறது.

தெற்கே பெரிய கப்பல்களுக்கு இந்தச் சென்டிமீட்டர் கணக்கெல்லாம் இன்னும் கறார். ஆழமாக அமிழ்ந்து வரும் எண்ணெய்க் கப்பல்களுக்கு, மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் அடிப்பகுதிக்குக் கீழே எப்போதும் 3.5 மீட்டர் தண்ணீராவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆழம் குறைந்த இடத்தில் வேகமாகப் போனால் அடியில் நீர் விரைந்தோடி அழுத்தம் குறையும், கப்பல் தானாகவே கொஞ்சம் கீழே இறங்கிவிடும்.

அப்புறம், கப்பல்களுக்கு வழி காட்டும் மிதவைகள். கடலிலிருந்து துறைக்குள் வரும்போது இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. பிலிப்பைன்ஸில் இது அப்படியே தலைகீழ்! மஞ்சளும் கறுப்புமாக நிற்பவை திசை மிதவைகள், ஆபத்து எந்தப் பக்கம் என்று சொல்பவை. இரவில் கிழக்கு மிதவை 3 முறை மின்னும், தெற்கு 6 முறை மின்னி ஒரு நீண்ட ஒளி, மேற்கு 9 முறை. கடிகார முகத்தை நினைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது. வடக்கு மட்டும் நிற்காமல் மின்னிக்கொண்டே இருக்கும். மரீன் பரேட்டில் ஓர் அடுக்குமாடியின் உச்சியில் 1978 முதல் சுழலும் பிடோக் கலங்கரை விளக்கத்துக்கும் இப்படித் தனக்கென்று ஓர் ஒளித்தாளம் உண்டு.

மிதவையைப் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. சிப்பி ஒட்டி ஒட்டிக் கனத்துச் சாயும், சூரியத்தகட்டில் பறவை எச்சம் படியும். சங்கிலியில் மிகவும் தேய்வது கடற்தரையைத் தொட்டுத் தொட்டு எழும் பகுதி, ஒவ்வோர் அலைக்கும் மண்ணில் உரசுவதால் அது அரம் போட்டதுபோல மெலிந்துவிடும். அதற்காகவே அவ்வப்போது முழுச் சங்கிலியையும் மேலே தூக்கி, அந்தக் கண்ணிகளின் தடிமனை அளந்து மாற்ற வேண்டியிருக்கிறது.

தூண்டில் போடப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நங்கூரம் போடச் சோம்பல்பட்டுப் படகை மிதவையில் கட்டாதீர்கள். அடியிலிருக்கும் எடைக்கல் கொஞ்சம் நகர்ந்தாலே போதும், பகலில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் இரவில் வரும் படகோட்டி அந்த விளக்கை நம்பித்தான் திரும்புவார்.