பல்கலைக்கழக லெட்டர்பேடில் எதை எழுதலாம்?

டெல்டாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் பல வருஷம் வேலை பார்த்தேன். அறிக்கை எதுவானாலும் முதல் வரைவு என் மேசையில்தான் தயாராகும்.

2017-இல் நெடுவாசல், கதிராமங்கலம் என்று ஊர் ஊராக, நிலத்தடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பதை எதிர்த்துப் போராட்டம். மாணவர்கள் வந்து, "சார், ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நம்ம பல்கலைக்கழகம் அறிக்கை விடணும்" என்றார்கள். மேட்டூர்த் தண்ணீரை நம்பி நெல் போடுகிற குடும்பம் என்னுடையது. அவர்கள் சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனாலும் வேண்டாம் என்றேன்.

அப்போது எங்கள் பேராசிரியர் ஒருவர் கிராமம் கிராமமாகப் போய் போர்வெல் தண்ணீர் எடுத்து வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் மார்க்கர் பேனாவால் ஊர், ஆழம், தேதி எழுதி ஐஸ் பெட்டிக்குள் வைப்பார். அந்த முடிவு ஒருநாள் கோர்ட்டுக்குப் போகலாம். "உங்கள் நிறுவனம்தான் ஆய்வு முடிவதற்கு முன்பே எதிர்ப்பு என்று அறிவித்துவிட்டதே" என்று ஒரு வக்கீல் கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? அதில் தோற்பது அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஜனங்கள்தான்.

வியட்நாம் போர்க் காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகமும் இதை யோசித்திருக்கிறது. சட்டப் பேராசிரியர் ஹாரி கால்வன் தலைமையிலான குழு 1967-இல் சொன்னது: விமர்சிக்கிறவர்களுக்குப் பல்கலைக்கழகம் வீடாக இருக்கட்டும், விமர்சிக்கிற வேலையை ஆசிரியரும் மாணவரும் அவரவர் பெயரில் செய்யட்டும். பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் பணிக்கே ஆபத்து வந்தால் மட்டும் அது வாய் திறக்க வேண்டும். 2024 மே மாதம் ஹார்வர்டும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது.

நம் ஊரில் இதில் நிறுவனம் பேசக் கூடாது என்கிற பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதே பேராசிரியர் ஒரு கிராமக் கூட்டத்தில் தன் சொந்தப் பெயரில் பேசினார். விளக்கம் கேட்டு மெமோ போனது. அந்தக் கோப்பில் என் சுருக்கொப்பமும் இருக்கிறது. நான் செய்தது தவறு. நிறுவனம் அமைதி காக்கிறதென்றால், பேசுகிற ஆசிரியரைக் காப்பாற்றுகிற பொறுப்பும் அதற்கு உண்டு. தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். யார், எதில், யார் பெயரில் பேசலாம் என்று பிரச்சினை இல்லாத நாளிலேயே பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் தீர்மானம் போட்டு வையுங்கள்.

அப்புறம், பேசியே ஆக வேண்டிய நேரம் என்று ஒன்று இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. செமஸ்டர் தேர்வு நேரம். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்து மாணவி ஒருத்தி யாரிடமோ போன் வாங்கிக் கூப்பிட்டாள். "சார், கூரை போயிடுச்சு. எக்ஸாம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

அதுவரை எங்கள் அறிக்கை கையெழுத்துக்குக் காத்திருந்தது. மறுநாள்தான் வெளியே போனது. தேர்வுத் தேதி இருந்தது. தண்ணீரில் போன மார்க் ஷீட்டுக்கு என்ன வழி என்று ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்க அவள் மறுபடியும் போன் தேடிப் போக வேண்டியிருந்தது.