ஓடாத காருக்கும் ஆயில் மாற்ற வேண்டும்

“வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடல. பத்தாயிரம் வரட்டும், மாத்திக்கலாம்.” சர்வீஸுக்கு வருகிறவர்கள் சொல்லிச் சொல்லிக் காது புளித்துப்போன பேச்சு இது. இப்படியே மூன்று வருடம் தள்ளிப்போட்ட ஒரு சின்ன பெட்ரோல் கார் இப்போது லிஃப்டில் நிற்கிறது. இஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால், ஆயில் உறிஞ்சும் ஸ்டிரெய்னர் வலையில் பாதி கறுப்புக் களியால் அடைந்திருக்கிறது. ஆயில் லைட் மினுக்கியும் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். பேரிங் போய்விட்டது.

பெரும்பாலான பெட்ரோல் கார்களின் கையேட்டில் “10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது” என்றுதான் இருக்கும். முதல் பாதியை எல்லோரும் படிக்கிறார்கள். பின்பாதியை யாரும் பார்ப்பதில்லை.

“கேனில் இருக்கிற ஆயில் வருஷக்கணக்கா கெடாம இருக்கே, இஞ்சினுக்குள்ள மட்டும் எப்படிக் கெடும்?” என்பது அடுத்த கேள்வி. கேன் சீல் வைத்தது. இஞ்சின் அப்படியில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் இறங்கும், கூடவே எரியாத பெட்ரோலும். ஆயில் நன்றாகச் சூடாகியிருந்தால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். சூடாகாவிட்டால் ஆயிலிலேயே தங்கி அமிலமாகவும் களியாகவும் மாறும். மூடியிருக்கிற ஊறுகாய் ஜாடி வருஷம் தாங்கும். ஈரக் கரண்டி போட்ட ஜாடி தாங்காது. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் இரண்டு கிலோமீட்டர் போய் வருகிற ஒவ்வொரு முறையும் ஈரக் கரண்டிதான் உள்ளே போகிறது. விலை கூடிய சிந்தெடிக் ஆயிலுக்கும் இதே கதிதான்.

டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். அந்த முள் இஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட்டின் சூட்டைத்தான் காட்டுகிறது. ஆயில் அந்தச் சூட்டை எட்ட 15 முதல் 20 நிமிடம் ஓட்டியாக வேண்டும்.

தயவுசெய்து, தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இஞ்சினுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள். குளிர்ந்த இஞ்சினுக்கு பெட்ரோல் அதிகமாகப் போகும்; ஐடிலில் ஆயில் சூடேறவே ஏறாது. ஸ்டார்ட்டர் எடுத்த கரண்ட்டைக்கூட பேட்டரிக்குத் திருப்பித் தர அந்த ஐந்து நிமிடம் போதாது. அதற்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30, 40 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். சென்னைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி ரோடோ ஓஎம்ஆரோ இருக்கவே இருக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். உள்பக்கம் வெளிர்மஞ்சளாக வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், கூலன்ட்டும் குறைகிறது என்றால் அது ஹெட் கேஸ்கெட் (கூலன்ட் ஆயிலோடு கலக்காமல் தடுக்கும் அடைப்பு) பிரச்சினையாக இருக்கலாம். ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ ஆயில் நீர்த்துவிட்டது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பொன்னிறமாக இருக்கிற ஆயிலும் நீர்த்திருக்கும்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) பிடித்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது பாதியில் வண்டியை நிறுத்தினால், அதற்காகப் போன டீசல் ஆயிலில் இறங்கும். அளவு மேக்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டவே வேண்டாம், மாற்றுங்கள்.

எப்போது மாற்றுவது? ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 12 மாதத்துக்கு ஒருமுறை. எல்லாமே ஐந்து கிலோமீட்டருக்குள் முடிகிற ஓட்டம் என்றால் ஆறு மாதம். பல மாதம் நிறுத்தி வைக்கப்போகிறீர்களா? நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள், அமிலம் ஏறிய ஆயிலில் பேரிங் ஊறிக் கிடக்க வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் நின்ற வண்டி என்றால் ஸ்டார்ட் செய்யாமலே வடியுங்கள். அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வந்துவிடும்.

ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ஃபில்டருக்குள் கால் லிட்டர் அளவுக்குப் பழைய ஆயில் நிற்கும். ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கிரேடு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை, கையேட்டில் உள்ளதே. 0டபிள்யூ-20 போட வேண்டியதில் “வண்டி பழசு” என்று கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்ற விடாதீர்கள். களி கட்டிய இஞ்சினில் அதைக் கழுவ ஃப்ளஷ் திரவம் ஊற்றுவதற்கு நான் உடன்படமாட்டேன், பெயர்ந்த களி நேராக ஸ்டிரெய்னரைப் போய் அடைக்கும். 500, 1,000 கிலோமீட்டரில் மறுபடி ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் களி மெல்லக் கரைந்து வரும்.

சின்ன பெட்ரோல் காருக்கு மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். இன்றைக்கே கடைசி சர்வீஸ் பில்லை எடுத்துத் தேதியைப் பாருங்கள். வாரன்ட்டியில் இருக்கிற வண்டிக்கு வருடாந்திர சர்வீஸைத் தவறவிட்டால், இஞ்சின் கிளெய்மைக் கம்பெனி மறுக்க அந்தத் தேதியே போதும்.