கடல் முள்ளெலி: ஓட்டில் பதிந்த வளர்ச்சிக் கணக்கு

முட்கள் நிறைந்த கடலடிப் பிராணியான கடல் முள்ளெலியின் (sea urchin) ஓட்டைப் பார்த்தால் வெளியே மாட்டிய கவசம் போலத்தான் தெரியும். உண்மையில் அது மெல்லிய தோலுக்கு அடியில் இருக்கும் எலும்புக்கூடு. கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத் தகடுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தது. நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். முள்ளெலி அப்படிச் செய்வதில்லை. உச்சியில் இருக்கும் தகட்டு வட்டத்தின் ஓரத்தில் புதுத் தகடு முளைக்கும், பழையது வாய்ப் பக்கமாகத் தள்ளிப்போகும். ஒவ்வொரு தகடும் ஓரங்களில் பெருத்துக்கொண்டே வருவதால் அதற்குள்ளும் வளர்ச்சிக் கோடுகள் விழுகின்றன. ஆகவே ஒரே ஒரு புதைபடிவம் கிடைத்தாலும், அந்தப் பிராணி வளர்ந்த விதத்தைப் பெருமளவு அதிலேயே படித்துவிடலாம்.

அப்படிப் படித்ததில் ஒன்று புரிந்தது. பல புதிய உருவங்களுக்குப் புதிய உறுப்பு எதுவும் தேவைப்படவில்லை. பழைய வளர்ச்சிப் படிகளே முந்தியோ பிந்தியோ நடந்தன, அல்லது பாதியில் நின்றன. ஹெட்டரோகுரோனி என்பது இதன் பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் சூட்டியது.

உருண்டை முள்ளெலிகளுக்கு ஆசனவாய் உச்சி வட்டத்துக்குள் இருக்கும். ஜுராசிக் காலத்தில் மணலுக்குள் புதைந்து ஒரே திசையில் நகரத் தொடங்கிய கூட்டத்துக்கு அது பின்பக்கம் நகர்ந்தது. தொடக்ககாலப் புதைபடிவங்களில் வளர்ந்த பிறகும் ஆசனவாய் வட்டத்தை ஒட்டியே நிற்கிறது. பின்னால் வந்தவற்றில் விலகி ஓட்டின் விளிம்புவரை போய்விடுகிறது. இன்றும் சில இனங்களின் குஞ்சுகளில் அது உச்சியருகே தோன்றிப் பிறகு நகர்கிறது. முன்னோர் நின்ற இடத்தைத் தாண்டியும் வளர்ச்சி தொடர்ந்திருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது, நாணயம் போலத் தட்டையான முள்ளெலியான சாண்ட் டாலரின் கதை. முள்ளெலியின் ஐந்து பல் தாடைக்கு அரிஸ்டாட்டில் விளக்கு என்று பெயர். சாண்ட் டாலரின் முன்னோராகக் கருதப்படும் கூட்டத்தில் குஞ்சுக்குத் தாடை உண்டு, வளர்ந்ததும் கரைந்துவிடும். அந்தக் கரைதல் நடக்காமலே போனதால்தான் சாண்ட் டாலர் பெரிதான பிறகும் பல்லோடு இருக்கிறது என்கிறார்கள் பல ஆய்வாளர்கள். தொலைந்த தாடையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கவில்லை, குஞ்சிடமிருந்ததை வைத்துக்கொண்டாலே போதும்!

சரி, கைக்குக் கிடைத்த சின்ன ஓடு குஞ்சா, அல்லது சின்னதாகவே முதிர்ந்துவிட்ட இனமா? உச்சி வட்டத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். முட்டையும் விந்தும் வெளியேறும் துளைகள் அங்கேதான் இருக்கும். இனப்பெருக்க வயது வந்த பிறகே அவை திறக்கும். சில மில்லிமீட்டர் ஓட்டிலும் துளை திறந்திருந்தால் அது குஞ்சு இல்லை.