தர்மாஸ்பத்திரி: யார் கொடுத்த தர்மம்?

கடலூர் டவுன் பஸ்ஸில் சில வாரங்களுக்கு முன் காதில் விழுந்த பேச்சு இது. திருப்பாதிரிப்புலியூரில் ஏறிய ஓர் ஆயா, கண்டக்டரிடம் “தருமாஸ்பத்திரிக்கு ஒண்ணு குடுப்பா” என்றார். கண்டக்டருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. “அது எந்த ஸ்டாப்பிங் ஆயா?” என்று கேட்டார். ஆயா அதையே இன்னொரு தடவை சொன்னார், கொஞ்சம் சத்தமாக. பின்சீட்டில் இருந்தவர் “ஜி.எச்.ச சொல்றாங்கப்பா” என்று தீர்த்துவைத்தார். மகளிர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று கிழிந்து ஆயாவின் கைக்குப் போனது.

என் சின்ன வயதில் இந்தச் சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்டதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் தர்மாஸ்பத்திரி, அவ்வளவுதான். இன்று நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஏதோ அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை என்று நினைப்பார்கள். வழக்கொழியும் முன் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

முதல் பாதி தர்மம். நெறி, கடமை, நீதி என்று பெரிய பெரிய பொருள்களோடு தமிழுக்கு வந்த வடசொல். பேச்சில் புழங்கிப் புழங்கி அது ஒரே பொருளில் வந்து நின்றுவிட்டது: காசு வாங்காமல் கொடுப்பது. கோயில்களில் தர்ம தரிசனம் என்றால் சீட்டு வாங்காமல் நிற்கும் நீளமான வரிசை. தர்ம சத்திரத்தில் வாடகை இல்லை. “அம்மா, தர்மம் போடுங்க” என்பதில் நீதியும் இல்லை, நெறியும் இல்லை, தட்டுதான் இருக்கிறது. தர்ம அடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; ஊர் கூடி இலவசமாகக் கொடுப்பது. இந்த வரிசையில்தான் தர்மாஸ்பத்திரியும் சேர்கிறது. பணம் கட்டாமல் வைத்தியம் கிடைக்கும் இடம். யாரோ கொடுக்கிறார், நாம் வாங்கிக்கொள்கிறோம் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் பாதி ஆஸ்பத்திரி. இதன் வேர் இலத்தீன். ‘ஹோஸ்பெஸ்’ என்ற சொல்லுக்கு விருந்தினர் என்றும் பொருள், விருந்து கொடுப்பவர் என்றும் பொருள். அதிலிருந்து வழிப்போக்கர் தங்கும் இடத்துக்கு ஒரு பெயர் வந்து, பிறகு நோயாளிகள் தங்கும் இடத்துக்கு ஆகி வந்தது. ஹாஸ்டல், ஓட்டல் எல்லாம் இதே குடும்பம். நமக்கு ஓட்டல் என்றால் இட்லி, தோசை. ஆஸ்பத்திரி அதற்கு உடன்பிறப்பு என்று சொன்னால் சிரிப்பு வரும்.

ஐரோப்பாவிலும் இடைக்காலத்தில் இந்த வீடுகள் ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் ஆனவை. வசதி உள்ளவன் நோயில் விழுந்தால் வைத்தியர் அவன் வீட்டுக்கு வருவார். பிரெஞ்சு ஊர்களில் இப்படிப்பட்ட பழைய மருத்துவமனைகளுக்குக் ‘கடவுளின் இல்லம்’ என்ற பொருளில்தான் பெயர். அதாவது அங்கேயும் அது தர்மாஸ்பத்திரியாகத்தான் ஆரம்பித்தது.

தமிழுக்கு இது போர்த்துகீசியர் வாயிலிருந்து வந்தது என்பார் உண்டு, ஆங்கிலேயர் வாயிலிருந்து என்பாரும் உண்டு. போர்த்துகீசியத்தில் அந்தச் சொல்லின் முதலில் உள்ள ஹகரம் ஒலிக்காது. நம் ஆஸ்பத்திரியிலும் அது இல்லை. மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சாயல்தான், இந்தியில் அஸ்பதால். சாவி, மேசை, சன்னல், அலமாரி, பாதிரி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். எங்கள் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். அதனால் என் ஓட்டு போர்த்துகீசியத்துக்கு.

இடையில் ஆயாவையும் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. ஆய் என்ற தாயைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லின் வழி வந்தவர். ஆஸ்பத்திரி வார்டில் பெருக்கித் துடைத்து, நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கும் ஆயா வேறு. ஐரோப்பியர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவரைக் குறித்த போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தவர் அவர். இரண்டு ஆயாக்களும் ஒரே வார்டில் சந்தித்துக்கொள்ளும்போது யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

சரி, போர்த்துகீசியர் வருவதற்கு முன் நாம் என்ன சொன்னோம்? கல்வெட்டுகளில் உள்ள சொல் ஆதுலர் சாலை. சாலை என்றால் இங்கே ரோடு இல்லை, கூடம். பாடசாலையில் உள்ள சாலை. ஆதுலர் என்பது நோயுற்றவரைக் குறிக்கும் ‘ஆதுர’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். ஆனால் தமிழுக்கு வந்த பிறகு அதற்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது: வறியவர். நோயாளியையும் ஏழையையும் ஒரே சொல்லால் குறித்திருக்கிறார்கள். அகராதியில் இரண்டு பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு மாதக் காய்ச்சலில் கம்மலை அடகு வைத்த குடும்பம் எதற்கும் இதை விளக்கத் தேவையில்லை. முப்பத்திரண்டு அறங்கள் என்று பழைய பட்டியல் ஒன்று உண்டு. அதில் முதலாவதே ‘ஆதுலர்க்குச் சாலை’தான்.

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. அங்கே இருந்த ஆதுலர் சாலையில் 15 பேர் படுக்க இடம், ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், மருந்து கொடுக்கும் பெண்கள் என்று கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. இதைக் காட்டி ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எல்லோருக்கும் இலவச மருத்துவம் கொடுத்தோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அந்த இடங்கள் கோயில் பணியாளருக்கும் அங்கே படித்த மாணவருக்கும் ஆனவை. சுற்றுவட்டாரத்தில் ஏர் ஓட்டியவனுக்கு அதில் இடம் இருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்துக்கு நான்கு கூறு சொல்கிறார்: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். பணம் யார் கட்டுவது என்ற ஐந்தாவது கூறு அதில் இல்லை. தர்மாஸ்பத்திரி என்ற சொல் அந்த ஐந்தாவது கேள்விக்கு வந்த ஒரு பதில். தர்மம் செய்கிறவர் கட்டுவார்.

சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இந்தப் பதில் மாற ஆரம்பித்தது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய 1943-இல் அமைத்த போர் குழு (போர் என்பது அதன் தலைவர் பெயர், யுத்தம் இல்லை) 1946-இல் கொடுத்த அறிக்கையில், பணம் கட்ட முடியவில்லை என்பதற்காக எவருக்கும் தக்க சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்றது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற ஏற்பாட்டுக்கு விதை அதில்தான் இருக்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அரசியல் சாசனத்தின் 47-ஆவது உறுப்பு மக்கள் நல்வாழ்வை மேம்படுத்துவது அரசின் கடமை என்கிறது. ஆனால் அது வழிகாட்டும் நெறிகளில் இருப்பதால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது.

கோர்ட்டுக்குப் போக வழி திறந்தது 1996-இல். மேற்கு வங்கத்தில் 1992-இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் காசு கொடுத்துப் பிழைத்தார். உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் கொடுக்கத் தவறினால் அது 21-ஆவது உறுப்பு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது என்றும் சொன்னது. தர்மம் கிடைக்கவில்லை என்று யாரும் வழக்குப் போட முடியாது. உரிமை கிடைக்கவில்லை என்று போடலாம். அன்றோடு தர்மாஸ்பத்திரி என்ற சொல்லின் முதல் பாதி சட்டப்படி செத்துவிட்டது என்பேன்.

சட்டத்தில் செத்தது கவுன்ட்டரில் சாகவில்லை. சில வருடம் முன் அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்க ஓர் அரசு மருத்துவமனையில் (எது என்று வேண்டாம்) நின்றிருந்தேன். எப்போது கூப்பிடுவீர்கள் என்று இரண்டாவது தடவை கேட்டதற்கு, “சும்மா பாக்குறதுக்கு இவ்ளோ கேள்வியா?” என்று பதில் வந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவர் வளர்ந்தது தர்மாஸ்பத்திரி காலத்தில். தர்மம் வாங்கும் இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது. ஆனால் அது சும்மா இல்லையே. பஸ்ஸில் வந்த அந்த ஆயா வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. கொடுப்பவரும் அவர்தான், வாங்குபவரும் அவர்தான். இலத்தீன் சொல்லுக்கு விருந்தினர், விருந்து கொடுப்பவர் என்று இரண்டு பொருள் பார்த்தோமே, அது இங்கே சரியாகப் பொருந்துகிறது.

திருப்பாதிரிப்புலியூர் என்று எழுதும்போதே இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அப்பர் இங்கே சமண மடத்தில் இருந்தபோது சூலை நோய் கண்டு துடித்தார். மடத்தில் இருந்தவர்கள் மந்திரமும் மயிற்பீலியும் வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்கள். பண்ருட்டிப் பக்கம் திருவதிகைக்கு, அக்காவிடம் போய்த்தான் குணமானார் என்கிறது பெரியபுராணம். எங்கள் ஊரில் ரெஃபர் பண்ணும் வழக்கம் அவ்வளவு பழையது என்று நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு. மடத்தில் அவருக்கு இருந்த பெயர் தருமசேனர். இங்கேயும் தருமம்.

இப்போது ரெஃபர் என்றால் பெரும்பாலும் புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை. கடலூர், விழுப்புரம் என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க அந்தச் சொல்லில் நம்பிக்கையும் பயமும் பாதிப் பாதி: “ஜிப்மருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க” என்றால் நோய் பெரியது என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் புதுச்சேரியில் ஆரம்பித்த மருத்துவப் பள்ளிதான் இதன் மூதாதை. ஊர் இந்தியாவோடு சேர்ந்தபின் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது, 1964-இல் நேரு பெயரில் ஜிப்மர் ஆனது, 2008-இல் நாடாளுமன்றச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. பழைய பெயர் தன்வந்திரி நகர் என்று அது இருக்கும் இடத்துக்கு மட்டும் நிலைத்திருக்கிறது. புதுச்சேரிக்குள் ‘பெரியாஸ்பத்திரி’ என்றால் அது வேறு. கடற்கரைப் பக்கம் உள்ள அரசுப் பொது மருத்துவமனை. கடலூரிலும் ஒரு வேடிக்கை உண்டு: கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது சிதம்பரத்தில்.

ஜிப்மர் வாசலில் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் உழைச்செல்வானைப் பார்க்கலாம். மரத்தடியில் துண்டு விரித்துப் படுத்திருப்பார், தலைமாட்டில் ஒயர் கூடை, அதில் ஃபிளாஸ்க். உள்ளே வைத்தியம் பெரும்பாலும் இலவசம். இவருக்குப் போன நாலு நாள் கூலியை யாரும் கொடுக்கப் போவதில்லை. மருத்துவம் கிடைக்கிறதா என்பதோடு எட்டுகிறதா என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. அறிக்கைகளில் இதை ‘அணுகல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ‘எட்டுதல்’ பிடிக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிய சொல்.

அப்புறம், தமிழில் எப்படி எழுதுவது? ஆஸ்பத்திரிக்கு மருத்துவமனை, இதில் சண்டை இல்லை. மருத்துவச்சி பிள்ளைப்பேறு பார்த்த காலம் முதல் நம்மிடம் உள்ள சொல்லோடு மனை சேர்ந்தது. இலங்கைத் தமிழர் வைத்தியசாலை என்கிறார்கள், அதில் அந்தப் பழைய சாலை இன்னும் உயிரோடு இருக்கிறது. சுகாதாரம் என்பது சுகமும் ஆதாரமும் சேர்ந்த வடசொல். துறையின் பெயரில் தமிழ்நாட்டு அரசு ‘மக்கள் நல்வாழ்வு’ என்று வைத்துக்கொண்டது, நல்ல பெயர்ப்பு. தர்மாஸ்பத்திரியை ‘அற மருத்துவமனை’ என்று சிலர் மாற்றுவார்கள். வேண்டாம். எழுத்து தமிழாகிவிடும், எண்ணம் அதே தட்டில்தான் இருக்கும்.

என் தேர்வு பொது மருத்துவமனை. பொது என்றால் எல்லோருக்கும் உரியது. ஊர்ப்பொது, பொதுக் கிணறு, பொதுவழி என்று எதை எடுத்தாலும் அதில் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று கிடையாது. பழைய தமிழில் பொது என்றால் கூடும் மன்றமும்கூட. தில்லையையே பொது என்று பாடியிருக்கிறார்கள். பாட்டி சொன்ன கதையை எழுதும்போது தர்மாஸ்பத்திரி என்றே எழுதுங்கள், அது அவர் சொல். இன்றைய மருத்துவமனையைக் குறிக்க அதைப் பயன்படுத்த வேண்டாம்.

எழுதும்போது ஒற்றையும் விட்டுவிடக் கூடாது: அரசுப் பொது மருத்துவமனை, அரசுக்கும் பொதுவுக்கும் நடுவில் ப் வரும். பெயர்ப் பலகைகளில் பெரும்பாலும் அது இருக்காது.