பொத்தான் எந்தப் பக்கம்? மங்கோலிய உடையில் பெண்ணை வரையும் முன்

இணையத்தில் எடுத்த புகைப்படத்தை நம்பி மங்கோலியப் பெண்ணைத் தைல வண்ணத்தில் வரைகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, பொத்தானை. 'தேல்' என்கிற நீள அங்கியின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வந்து, அணிந்தவரின் வலது தோளருகேயும் விலாவிலும் மாட்டப்படும். அதாவது கேன்வாஸில் அது நமக்கு இடப்புறம் தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால் படத்தை யாரோ கண்ணாடிபோலத் திருப்பிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர் கண்ணுக்கு இது உடனே தட்டுப்படும்.

அடுத்தது இடுப்புக் கச்சை. மலையாட்டுக் கொம்புபோல இருபுறமும் விரித்த கூந்தல், வெள்ளித் தொப்பி, புடைத்த தோள், மேலே 'ஊஜ்' என்கிற கையில்லாத நீள மேலங்கி எல்லாம் மணமான ஹல்ஹா (மங்கோலியாவின் பெரும்பான்மை இனம்) பெண்ணின் பழைய அலங்காரம். அதில் கச்சை கிடையாது. பெண்ணைக் குறிக்கும் 'பூஸ்குய்' என்ற சொல்லே 'கச்சை இல்லாதவள்' என்றுதான் பிரியும். இன்று மணமானவர்களும் தேல்மேல் கச்சை கட்டுகிறார்கள், அது வேறு. கொம்புக் கூந்தலோடு கச்சையையும், சீனாவின் உள் மங்கோலியாவிலுள்ள ஓர்தோஸ் பெண்களின் பவளச் சரங்களையும் சேர்த்தால் அது எந்த ஊர்ப் பெண்ணும் இல்லை.

முகத்தில், ஐரோப்பியச் சிலைகளைப் பார்த்துப் பழகிய கை மூக்குத்தண்டைக் கூராக்கிவிடும். இரு கண்களுக்கும் நடுவே நிழல் மெல்ல கரைய வேண்டும். மேலிமையைக் கோடாக இழுக்காமல், விழிமேல் அது போடும் நிழலால் காட்டுங்கள்.

ஜரிகைப் பட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். பூவேலையை முதலில் தொடவே கூடாது. துணியை வெற்றுப் பட்டாக நினைத்து, மடிப்புகளின் வெளிச்சம், இடைநிழல், இருள் மூன்றையும் முடித்துக் காயவிடுங்கள். பிறகு பூவை ஏற்றும்போது மடிப்பு திரும்பும் இடத்தில் அது வளையும், குறுகும், பள்ளத்தில் பாதியில் மறையும். நேராக ஓடினால் ஸ்டிக்கர்போல இருக்கும். தங்க நிறச் சாயம் வேண்டாம், படம் பார்க்கும் கோணத்துக்குக் கோணம் மாறும். ரா அம்பர் (மண் பழுப்பு), மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்) போதும். நேப்பிள்ஸ் மஞ்சள் என்ற வெளிர் மஞ்சள், வெளிச்சம் நேரே விழும் சில நூல்களில் மட்டும்.

பவளம் கண்ணாடி மணி அல்ல, ஒளி ஊடுருவாது. மின்னும் ஒளிப்புள்ளியைத் தூய வெள்ளையில் வைக்காமல் சற்றே இளஞ்சிவப்பாக்குங்கள். வெள்ளிக்குத் தனி நிறமே இல்லை. பக்கத்துத் துணியின் நிறம்தான் அதில் தெரியும்.

கருஞ்சிவப்புத் தேலின் நிழலில் மெதுவாகக் காயும் அலிசரினையும் (கருஞ்சிவப்பு) ஐவரி பிளாக்கையும் (கறுப்பு) எண்ணெயில் குழைத்துத் தடிப்பாகப் பூசி, மறுநாளே அதன்மேல் சீக்கிரம் காயும் அம்பரை ஏற்றினால் சில மாதங்களில் வெடிப்பு விழும். மேல்படலம் இறுகிய பிறகும் அடிப்பகுதி காய்ந்துகொண்டே நகர்வதுதான் காரணம். வரிசையை மாற்றுங்கள்: டர்பன்டைனில் கரைத்த அம்பர் அடியில், எண்ணெய் கூடிய அலிசரின் மெல்லிய பூச்சாக மேலே. வார்னிஷ் 6 மாதம் கழித்து.