பழைய அம்பாசிடருக்கு டிஸ்க் பிரேக்: சக்கரத்தோடு முடிகிற வேலையன்று

சென்ற ஆண்டு எங்கள் பட்டறைக்கு ஒரு மார்க் 2 அம்பாசிடர் வந்தது. வேறோர் இடத்தில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பத்துக் கிலோமீட்டர் ஓட்டினாலே வண்டி இழுக்க மறுக்கிறது, கருகல் வாடை அடிக்கிறது என்றார் உரிமையாளர். சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. ஹப்பிலிருந்த கிரீஸ் உருகி ரிம்மில் வழிந்திருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தபோது சக்கரம் சுற்றவில்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில், ஆயிலை வெளியேற்ற உதவும் பிளீடர் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் பிரேக் ஆயில் பீய்ச்சியடித்தது. சக்கரம் விடுபட்டுக் கைக்கு இலகுவாகச் சுழன்றது.

டிஸ்க்கிலும் காலிப்பரிலும் குறையில்லை. டிரம் பிரேக்குக்காகச் செய்யப்பட்ட பழைய மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகத்தை, அப்படியே விட்டிருந்தார்கள். அதனுள் ஒரு சிறு தடுப்பு வால்வு உண்டு. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரத்தருகே உள்ள வீல் சிலிண்டர் ரப்பர்களின் விளிம்பு விரிந்தே இருக்க வேண்டும் என்பதற்காக, சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை அது குழாயில் தேக்கி வைக்கிறது. டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் ஷூக்களைத் திரும்ப இழுக்க வலுவான ஸ்பிரிங்குகள் இருப்பதால் அந்த அழுத்தத்தால் தொல்லை இல்லை. காலிப்பரில் அத்தகைய ஸ்பிரிங் கிடையாது என்பதால் காலிப்பரின் உராய்வுக் கட்டையான பேடு டிஸ்க்கை விடாமல் உரசுகிறது, சூடேறச் சூடேறப் பிடி இன்னும் இறுகுகிறது. வால்வை அடியோடு எடுத்துவிடவும் முடியாது. பழைய அம்பாசிடரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால், ஆயில் பின்னோக்கி வடிந்து பெடலை இரண்டு முறை மிதிக்க வேண்டியதாகிவிடும். முன் லைனுக்கு 2 பவுண்டு வால்வும் பின் டிரம் லைனுக்கு 10 பவுண்டு வால்வும் தனித்தனியாகப் பொருத்துவதே சரியான வழி.

டிஸ்க் மாற்றியதும் பெடல் கல்லாக இருக்கிறது என்று பலர் சொல்வதற்கும் காரணம் உண்டு. டிரம் சுழலும் வேகமே முன்னோக்கிய ஷூவை உள்ளிழுத்து அழுத்துவதால் ஓட்டுநரின் கால் பலம் பெருகுகிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. ஆகவே எஞ்சினின் உறிஞ்சு விசையால் பெடல் அழுத்தத்தைக் கூட்டும் வேக்குவம் பூஸ்டர் தேவைப்படுகிறது. ஆனால் பூஸ்டர் கூட்டுகிற அழுத்தம் பின் டிரம்களுக்கும் போய்ச் சேரும். அழுத்திப் பிரேக் பிடிக்கையில் வண்டியின் எடை முன்னுக்குச் சாய்ந்து பின் சக்கரங்கள் இலேசாகிவிடுவதால், அவை முதலில் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும். பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு இல்லாத வண்டியை நான் பட்டறையை விட்டு வெளியே அனுப்புவதில்லை. இத்தனை செலவு செய்கிறவர்கள் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரையும் இரட்டைச் சுற்றாக மாற்றிவிடுவது நல்லது. ஒரு ஹோஸ் வெடித்தாலும் மறு பாதிப் பிரேக் மிஞ்சும்.

நான் கண்டவற்றுள் மிக அஞ்சத்தக்கது, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை, முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலில் வெல்டிங் செய்வதுதான். அடித்து உருவாக்கப்பட்ட அந்த இரும்பு, வெல்டிங் சூட்டில் தன் உறுதியை இழந்து ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியலாம். கனமான எஃகுத் தகட்டில் லேத்துப் பட்டறையில் கடைந்த பிராக்கெட்டை உயர்வலு போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். பழைய டிரம்மையும் ஷூக்களைத் தாங்கும் பேக் பிளேட்டையும் துடைத்துக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் எனப் பதிவு செய்ய 2021-இல் வந்த விதிகள் அசல் வடிவத்தைக் கேட்கின்றன. போல்ட்டில் நிற்பதைக் கழற்றிப் பழையபடி மாட்டிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. டிரம்மை லேத்தில் சீராக்கி, புதிய லைனிங்கும் ஹோஸும் போட்டு, ரப்பர்களைப் பெட்ரோலில் கழுவாமல் பிரேக் ஆயிலிலேயே கழுவி, அந்த ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு இறங்கப் போகிறவர் டிஸ்க் கேட்டால் நான் மறுக்க மாட்டேன். சூடேறி விரிந்த டிரம் ஷூவை விட்டு விலகுவதால் பெடல் தாழ்ந்துகொண்டே போவதை அந்த இறக்கத்தில் நானே காலில் உணர்ந்திருக்கிறேன்.