பலகையில் உட்காரத் தெரியாத பையன்

உக்ரைன் நாட்டுப்புறக் கதை ஒன்றில் தெலெசிக் என்று ஒரு பையன் வருகிறான். பிள்ளையில்லாத ஒரு கிழவனும் கிழவியும் காட்டிலிருந்து ஒரு மரக்கட்டையை வெட்டிவந்து தொட்டிலில் போட்டுத் தாலாட்ட, கட்டை பையனாகிவிடுகிறது. அவன் வளர்ந்து, தங்கப் படகும் வெள்ளித் துடுப்பும் கேட்டு வாங்கிக்கொண்டு ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறான். சாப்பாட்டு நேரத்தில் அம்மா கரைக்கு வந்து பாட்டாகக் கூப்பிடுவாள், அந்தக் குரலைக் கேட்டு அவன் கரை ஒதுங்குவான். பாம்பு உருவ அரக்கி ஒருத்தி இதை ஒளிந்திருந்து கேட்டுவிட்டு, அம்மா போன பிறகு அதே பாட்டைப் பாடுகிறாள். குரல் கரகரவென்று இருக்கிறது. 'இது என் அம்மா குரல் இல்லை' என்று பையன் படகைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறான். அரக்கி நேராகக் கொல்லனிடம் போய், 'தெலெசிக்கின் அம்மாவுக்கு இருக்கிற மாதிரி எனக்கும் ஒரு மெல்லிய குரல் அடித்துக் கொடு' என்கிறாள். கொல்லனும் அடித்துக் கொடுக்கிறான்!

எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில்தான் உடம்பு சிலிர்க்கும். அரக்கிக்குப் பல் இருக்கிறது, நகம் இருக்கிறது, அதெல்லாம் சரி, ஆனால் அம்மாவின் குரலில் வேறு யாரோ கூப்பிடுவது என்பது குழந்தையின் பயங்களிலேயே அடி ஆழத்தில் இருப்பது. 1980இல் அந்தோணி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பச்சைக் குழந்தைகளுக்கு சப்புவதற்கு ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்துக் காதில் சின்ன ஒலிபெருக்கியை வைத்தார்கள். சப்புவதை எவ்வளவு நேரம் நிறுத்தி மறுபடி தொடங்குகிறது என்பதைப் பொறுத்து அம்மாவின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும். குழந்தைகள் அம்மாவின் குரல் வருகிற மாதிரி தங்கள் சப்புதலையே மாற்றிக்கொண்டன. கருப்பையில் கேட்டுப் பழகிய குரல் அது, உலகத்தில் அவற்றுக்குத் தெரிந்த முதல் அடையாளமே அதுதான். கதை அந்த அடையாளத்தைத் திருடுகிறது.

கொல்லனிடம் ஏன் போகிறாள் என்பதற்குப் பின்னால் பழைய நம்பிக்கை ஒன்று இருக்கிறது. ரஷ்யர், உக்ரைனியர் முதலான கிழக்கு ஸ்லாவியர்களுக்குக் கொல்லன் வெறும் இரும்பு அடிக்கிறவன் இல்லை. குஸ்மா, தெமியான் என்ற இரண்டு புனிதக் கொல்லர்கள் ஒரு பெரும்பாம்பைக் கலப்பையில் பூட்டி உழுததால்தான் கீவ் நகரைச் சுற்றியுள்ள நீண்ட மண்மேடுகள் உண்டாயின என்று சொல்வார்கள், இன்றும் அவற்றுக்குப் 'பாம்பு அரண்கள்' என்றே பெயர். கல்யாணப் பாட்டுகளில் மணமுடியை அடித்துத் தரச் சொல்லி அவனைக் கேட்பார்கள். உலையில் எதை வைத்தாலும் அவனால் வேறொன்றாக்க முடியும். அப்படியானால் குரலையும் ஆக்க முடியும்தானே.

சரி, புதுக் குரலை நம்பிப் பையன் கரைக்கு வந்து மாட்டிக்கொள்கிறான். அரக்கி அவனைத் தன் மகள் ஒலெங்காவிடம் ஒப்படைத்து, அடுப்பை நன்றாக மூட்டிச் சுட்டு வை என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ரொட்டியை அடுப்புக்குள் தள்ள நீளக் கைப்பிடி வைத்த ஒரு மரப்பலகை இருக்கும். ஒலெங்கா அதைக் காட்டி 'இதில் உட்கார்' என்கிறாள். தெலெசிக் ஒரு கையை வைக்கிறான், அப்புறம் தலையை வைக்கிறான். 'எனக்கு உட்காரத் தெரியவில்லையே, நீ எப்படி என்று காட்டேன்' என்கிறான். அவள் உட்காருகிறாள். அவன் ஒரே தள்ளு.

இந்த ஒரு வாக்கியம், 'எனக்குத் தெரியவில்லை, நீ காட்டு', இதுதான் கதையின் எஞ்சின். இதே பையன் ரஷ்யக் கதைகளில் வேறு வேறு பெயரில் பாபா யாகா என்ற எலும்புக்கால் கிழவியிடம் மாட்டுவான், இதே வாக்கியத்தைச் சொல்லித் தப்பிப்பான். 1855 முதல் 1863 வரை அலெக்சாந்தர் அஃபனாசியெவ் வெளியிட்ட ஏறக்குறைய 600 ரஷ்யக் கதைகளின் தொகுப்பிலேயே இது சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. உலகக் கதை வகைகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் பட்டியலிலும் 'சூனியக்காரியும் மீன்பிடிப் பையனும்' என்று இதற்குத் தனி இடம் உண்டு.

ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் இதைச் சொல்லிப் பாருங்கள். பெரியது கதை முடியுமுன்னே சிரிக்கத் தொடங்கும். சின்னதுக்கு அடுப்பு புரியும், பலகை புரியும், ஆனால் ஒலெங்கா ஏமாறுகிறாள் என்பது பெரும்பாலும் பிடிபடாது. ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் இருவரும் 1983இல் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறொரு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று நான்கு வயதுக் குழந்தைகளில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் 57 சதவீதம், அதற்கு மேல் ஒன்பது வயது வரை 86 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதாவது இன்னொருவர் தலைக்குள் தவறான எண்ணம் ஒன்று இருக்க முடியும் என்பது நமக்குப் பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை, ஏறக்குறைய நான்கு வயதையொட்டித்தான் திறக்கிறது. திறந்த கதவுக்குள் முதன்முதலாக ஓடி விளையாட இந்தக் கதைகளைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

தந்திரக்காரர்கள் எல்லோரும் எதைச் செய்கிறார்கள் என்று கவனியுங்கள். கோலபோக் என்ற உருண்டை ரொட்டியைத் தின்னும் நரி, 'எனக்கு வயதாகிவிட்டது, காது கேட்கவில்லை, என் நாக்கில் உட்கார்ந்து இன்னொரு தரம் பாடு' என்கிறது. இன்னொரு கதையில் ஓநாயை ஐஸ் குளத்தில் வாலை விட்டு மீன் பிடிக்கச் சொல்லி, வால் உறைந்து மாட்டி அது அடி வாங்கும்போது, நரி யார் வீட்டிலோ மாவைத் தலையில் அப்பிக்கொண்டு வந்து 'என் மூளையே வெளியே வந்துவிட்டது' என்று ஓநாயின் முதுகில் ஏறிக்கொள்கிறது. 'அடிபட்டவன் அடிபடாதவனைச் சுமக்கிறான்' என்று மெதுவாகப் பாடிக்கொண்டே போகிறது. தெரியவில்லை, கேட்கவில்லை, முடியவில்லை. குழந்தை நாள் முழுக்க உண்மையாகவே சொல்லிக்கொண்டிருக்கிற மூன்று சொற்கள் இவை. கதையில் மட்டும் அவை ஆயுதமாகிவிடுகின்றன.

இப்போது அடுப்புக்கு வருவோம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களோடு வளர்ந்தவர்களுக்கு அடுப்பின் மேல் படுத்துத் தூங்கும் ஆட்கள் பரிச்சயம். செங்கல்லிலும் களிமண்ணிலும் கட்டி, குடிசையின் பெரும் பங்கை அடைத்துக்கொண்டு நிற்கும் அடுப்பு அது. சமையல், கணப்பு, படுக்கை எல்லாம் அதுதான், சில ஊர்களில் சூடு தணிந்ததும் அதற்குள்ளேயே புகுந்து குளிப்பார்கள். இந்த அடுப்புக்குள் குழந்தையை வைக்கும் சடங்கு ஒன்று நிஜமாகவே இருந்தது. வோல்கா ஆற்றுப் பக்கத்து ரஷ்யக் கிராமங்களிலும் உக்ரைனின் சில பகுதிகளிலும் குறைமாதத்தில் பிறந்த, வற்றிச் சுருங்கிய குழந்தையை, மூக்கையும் வாயையும் விட்டுக் ரை என்ற தானிய மாவுப் பிசையலால் பூசி, அதே ரொட்டிப் பலகையில் கட்டி, ரொட்டி சுட்டு முடித்த இளஞ்சூட்டு அடுப்புக்குள் மூன்று முறை விட்டு எடுப்பார்கள். 'என்ன சுடுகிறாய்?' என்று ஒருத்தி கேட்பாள். 'நாய்க் கிழத்தனத்தைச் சுடுகிறேன்' என்று இன்னொருத்தி பதில் சொல்வாள். குழந்தைகள் கிழடு தட்டினாற்போல வற்றிப்போகும் நோய்க்கு அதுதான் பெயர். 1743இல் கசான் பக்கம் பிறந்த கவிஞர் கவ்ரிலா தெர்ஷாவின் தன்னையே இப்படி ரொட்டிக்குள் வைத்துச் சுட்டதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கருப்பை ஓர் அடுப்பு, குறைமாதக் குழந்தை சரியாக வேகாத ரொட்டி, அதனால் மறுபடி உள்ளே வைத்து எடுத்தால் முழுதாக வரும் என்பது இதன் கணக்கு. குறைமாதக் குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பு குறைவு, தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது, ஆகவே அந்த இளஞ்சூடு கொஞ்ச நேரமாவது இதமாக இருந்திருக்கும். நோயை அது தீர்த்திருக்காது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்கூட ஐரோப்பிய ரஷ்யாவில் நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு மேல் ஒரு வயதை எட்டவில்லை. அந்தத் தாய்மார்கள் கையில் இருந்தது அடுப்பு ஒன்றுதான்.

ரஷ்ய நாட்டுப்புறக் கதை ஆய்வாளர் விளாதிமிர் ப்ரோப் 1946இல் சொன்னது, பழங்காலத்தில் சிறுவர்களைச் சாவின் வழியாக அனுப்பி மறுபிறப்புக் கொடுத்து ஆளாக்கும் சடங்கு இருந்தது, அதன் அர்த்தம் மறந்துபோனதும் கதை அதைத் தலைகீழாக்கி, அடுப்பில் வைப்பவளைக் கொடியவளாகவும் அவளையே உள்ளே தள்ளும் பையனை வீரனாகவும் மாற்றிவிட்டது என்று. மாயக்கதைகள் அத்தனையையும் இந்த ஒரே சடங்கை நோக்கி இழுப்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆனால் அடுப்பு விஷயத்தில் சடங்கும் கதையும் ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நோயில் அந்தப் பலகையில் கிடந்த குழந்தையே, பிழைத்து ஐந்து வயதானதும், அதே அடுப்பின் மேல் படுத்துக்கொண்டு தெலெசிக் கதையைக் கேட்டிருக்கும்.

கதையில் தெலெசிக் மரத்தின் உச்சியில் ஒளிந்துகொள்ள, அரக்கி கீழே மரத்தைக் கடிக்கத் தொடங்குகிறாள். மேலே வாத்துக்கூட்டம் பறக்கிறது, ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறான். பின்னால் வருகிறவர்கள் ஏற்றிக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போகின்றன. அடுத்த கூட்டமும் அதையே சொல்கிறது. கடைசியில் கூட்டத்தோடு சேர முடியாமல் தள்ளாடித் தனியாக வரும் ஒரு நோஞ்சான் குஞ்சு அவனை ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்குகிறது. உள்ளே கிழவி அடுப்பிலிருந்து பணியாரங்களை எடுத்துப் பங்கு வைக்கிறாள்.

'இது உனக்கு, இது எனக்கு.'

வெளியிலிருந்து ஒரு குரல், 'எனக்கு?'